நாலு பேர் வேலை செய்யும் இடத்துக்குத்தான் பைப்லைன் வேண்டும்

“தம்பி, உதெல்லாம் பெரிய கொம்பனிக்காரருக்கு. நாலு பேர் இருந்து வேலை செய்யிற இடத்திலை உது என்னத்துக்கு? முதல் புரொஜெக்டை முடிச்சுக் குடுங்கோ, உதுகளைப் பிறகு பாக்கலாம்.”

யாழ்ப்பாணத்துப் புத்தூர்ச் சந்தியைச் சுற்றியுள்ள ஊர்களில், வீட்டு முன்னறையில் இருந்தபடி வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு மென்பொருள் எழுதும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர், கிளவுட்டில் ஒரு சி.ஐ. பைப்லைன் போடுவோம் என்று வாய் திறந்தால் கேட்கும் பதில் பெரும்பாலும் இதுதான். கொழும்பில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய அண்ணை சொல்கிறார். பயிற்சி வகுப்பு நடத்துபவர் சொல்கிறார். முதல் போட்ட கனடா மாமாவும் அதையே சொல்கிறார். எல்லாரும் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் சொல்வது பிழை. எங்கள் பிள்ளைகளின் உழைப்பை மெல்ல மெல்லத் தின்கிற பிழை.

இந்த வேலை என்னவென்று அறியாத வாசகருக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு குழுவில் பலர் ஒரே மென்பொருளை எழுதுகிறார்கள். ஒருவர் தன் மாற்றத்தைப் பொதுக் களஞ்சியத்துக்கு அனுப்பியதும், எங்கோ ஒரு தரவு மையத்தில் புத்தம்புது இயந்திரம் ஒன்று எழும்புகிறது. அது அந்த நிரல்வரிகளை (கோட்) எடுத்து, தேவையான நூலகங்களை நிறுவி, மென்பொருளைக் கட்டி, எழுதி வைத்த சோதனைகளை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்கிறது. எல்லாம் சரியென்றால் பச்சை, ஏதாவது முறிந்தால் சிவப்பு. பச்சை வந்தால் அதே இயந்திரம் மென்பொருளைச் சேர்வரில் ஏற்றிவிட்டு அழிந்துபோகிறது. யாருடைய நினைவாற்றலையும் நம்பாமல், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரே விதமாக இது நடக்கிறது. இதில் சேர்த்துக் கட்டிச் சோதிக்கும் பகுதியைத்தான் தொடர் ஒருங்கிணைப்பு, சுருக்கமாகச் சி.ஐ., என்கிறார்கள்.

பெரிய கொம்பனிக்கு உரியது என்ற பேச்சை முதலில் எடுத்துக்கொள்வோம். இந்த முறையை வளர்த்தெடுத்தவர்கள் யார்? 1990களின் இறுதியில் கென்ட் பெக் முன்வைத்த எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங், சிறிய, நடுத்தரக் குழுக்களுக்கென்றே உருவான முறை. தொடர் ஒருங்கிணைப்பு அதன் அடிப்படைப் பழக்கங்களில் ஒன்று. 2006இல் ஜேம்ஸ் ஷோர் என்பவர் இதை நாளுக்கு ஒரு டொலரில் செய்யலாம் என்று எழுதினார். அவர் கேட்டவை ஒரு பழைய கணினி, ஒரு ரப்பர் கோழிப் பொம்மை, ஒரு மேசை மணி. கோழி யாருடைய கையில் இருக்கிறதோ அவர் மட்டும் தன் மாற்றத்தைச் சேர்க்கலாம். பழைய கணினியில் எல்லாச் சோதனையும் தேறினால் மணியை அடிக்க வேண்டும். இன்று ஜெங்கின்ஸ் என்று உலகம் அறியும் கருவியை, சன் நிறுவனத்தில் இருந்த கோசுகே கவாகுச்சி என்ற ஒரு பொறியியலாளர்தான் 2004இல் ஹட்சன் என்ற பெயரில் எழுதத் தொடங்கினார். தன் மாற்றங்களால் மற்றவர்களின் வேலை முறியக்கூடாது என்பதே அவருடைய கவலை. பெரிய நிறுவனங்கள் பின்னால் வந்து சேர்ந்தவை. சிறிய குழுவின் பழக்கத்தை அவை எடுத்துப் பெருப்பித்தன. அவற்றின் பெருப்பத்தைப் பார்த்து, இது எங்களுக்குரியதல்ல என்று நாங்கள் ஒதுங்கி நிற்கிறோம்.

நாலு பேர் உள்ள குழுவுக்கு இது ஏன் கூடுதலாகத் தேவை என்பதற்கு யாழ்ப்பாணத்திலேயே ஒரு காரணம் இருக்கிறது. அந்த நாலு பேரில் ஒருவருக்கு விசா வந்துவிடும். சேர்வரின் கடவுச்சொல் அவருக்குத்தான் தெரியும். எந்தக் கோப்பை எந்த அடைவுக்குள் போட வேண்டும், போட்டபின் எந்தச் சேவையை நிறுத்தித் தொடங்க வேண்டும், தரவுத்தளத்தில் கையால் எதை மாற்ற வேண்டும் என்பதெல்லாம் அவருடைய தலைக்குள் இருக்கும். கட்டுநாயக்காவில் விமானம் ஏறியபின் அவர் நல்ல பிள்ளையாக வாட்ஸ்அப்பில் இரண்டு மாதம் பதில் சொல்வார். அதன்பிறகு குளிரும் இரவு வேலையுமாக அவருடைய வாழ்க்கை மாறிவிடும். இங்கே இருக்கும் மூவர் சேர்வரைத் தொடப் பயந்து, திருத்தம் செய்யாமலே மாதங்களைக் கடத்துவார்கள். வாடிக்கையாளர் விலகிப்போவார். இருநூறு பேர் வேலை செய்யும் கொழும்பு நிறுவனத்தில் ஒருவர் போனால் அந்த வேலை தெரிந்த இன்னும் ஐந்து பேர் இருப்பார்கள். எங்களுக்கு அந்த ஐந்து பேர் இல்லை. பைப்லைன் கோப்பு என்பது அந்த ஒருவரின் தலைக்குள் இருந்ததை வரி வரியாக எழுதி, களஞ்சியத்திலேயே வைத்திருப்பது. அதை வாசிக்கலாம், திருத்தலாம், நேற்று வந்து சேர்ந்த பிள்ளையும் ஓட்டலாம். குடிபெயர்வு ஓயாத ஒரு சமூகத்தில் இதைவிட அவசியமான ஆவணம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது நெற்றும் கரண்டும். “இங்கை நெற் இருக்கிற இருப்பிலை கிளவுட் எப்படித் தம்பி?” என்று கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை தலைகீழாக வருகிறது. கிட் (Git) களஞ்சியத்துக்கு ஒரு மாற்றத்தை அனுப்பும்போது போவது மாறிய வரிகளைச் சுருக்கிய சில கிலோபைட்டுகள்தான். பைப்லைன் இல்லாதவர் என்ன செய்கிறார்? வீட்டு லப்டொப்பில் நூலகங்களையெல்லாம் தரவிறக்கி, மென்பொருளைக் கட்டி, நூற்றுக்கணக்கான மெகாபைட் உள்ள டொக்கர் இமேஜை (கட்டிய மென்பொருளின் முழுப் பொதியை) 4ஜி ரவுட்டர் வழியாகச் சேர்வருக்கு ஏற்றுகிறார். இரவு டேட்டா தொடங்கும்வரை காத்திருந்து ஏற்றும் பிள்ளைகள் உண்டு. எண்பது வீதம் ஏறியபின் இணைப்பு அறுந்தால் மீண்டும் முதலிலிருந்து. கிளவுட்டில் கட்டினால் இந்தப் பாரமெல்லாம் தரவு மையங்களுக்கு இடையில் நடக்கும். எங்கள் டேட்டா பொதியைத் தொடாது. மின்வெட்டும் அப்படித்தான். 2022 மார்ச் இறுதியில் நாட்டில் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் நின்றது. மாற்றத்தை அனுப்பிவிட்ட அடுத்த நிமிடம் கரண்ட் போனாலும் அந்த இயந்திரம் தன் வேலையை முடித்திருக்கும். முடிவைக் கைபேசியில் பார்க்கலாம். நெற்றும் கரண்டும் உறுதியாக உள்ளவர்கள் கிளவுட் இல்லாமல் சமாளித்துவிடுவார்கள். எங்களால்தான் முடியாது.

நெற்றின் குறைபாட்டையே காரணமாக வைத்து, ஒரு கணினி வாங்கி அலுவலகத்திலேயே ஜெங்கின்ஸ் போடலாமே என்பவர்களும் உண்டு. கற்றுக்கொள்ளப் போடுங்கள், நல்லது. வாடிக்கையாளரின் வேலையை அதில் ஏற்றுவதற்கு முன் யோசியுங்கள். யுபிஎஸ் பற்றறி எத்தனை மாதம் தாக்குப்பிடிக்கும்? சித்திரை வெயிலில் அந்த அறையின் சூட்டை யார் பார்ப்பது? அதைவிட முக்கியமானது, அதன் பாதுகாப்புத் திருத்தங்களை யார் போடுவது? 2024 ஜனவரியில் ஜெங்கின்ஸில் ஒரு பெரிய ஓட்டை வெளிவந்தது. கணக்கே இல்லாத ஒருவர்கூட சேர்வரில் உள்ள கோப்புகளின் முதற்சில வரிகளை வாசிக்கக்கூடிய ஓட்டை அது. அன்றிரவே திருத்தம் போட ஆள் வைத்திருப்பவர் தனிச் சேர்வர் வைத்திருக்கலாம். மற்றவர்களுக்கு ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புதிதாக எழும்பி அழியும் வாடகை இயந்திரமே பாதுகாப்பு.

பணம் பற்றிய பயம் நியாயமானது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டதைப் பார்த்தவர்கள் டொலரில் மாதக் கட்டணம் என்றதும் பின்வாங்குவதில் பிழையில்லை. ஆனாலும் பயப்படுவதற்கு முன் கணக்கைப் பார்க்க வேண்டும். கிட்ஹப்பின் பைப்லைன் சேவையான கிட்ஹப் அக்சன்ஸில் திறந்த களஞ்சியங்களுக்கு வழமையான இயந்திரங்கள் இலவசம். மூடிய களஞ்சியங்களுக்கு இலவசக் கணக்கிலேயே மாதம் 2,000 நிமிடம் கிடைக்கிறது. ஒரு ஓட்டம் 4 நிமிடம், நாளுக்கு 15 ஓட்டம், மாதத்தில் 22 வேலை நாள் என்று வைத்தால் 1,320 நிமிடம். நாலு பேரின் வேலை அதற்குள் அடங்கிவிடும். ஐபோன் செயலிக்காக மாக் இயந்திரம் எடுத்தால் அந்த நிமிடங்கள் பத்து மடங்கு வேகத்தில் கரையும். அதைத் தெரிந்துகொண்டு, மாக் ஓட்டத்தை வெளியீட்டு நாளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். செலவின் உச்ச வரம்பை முதல் நாளே அமைப்பில் போட்டுவிட வேண்டும். இவை சிக்கனத்தின் கேள்விகள். முறையையே கைவிடுவதற்கான காரணங்கள் ஆகா.

“என்ரை லப்டொப்பிலை ஓடுது” என்பதுதான் இருப்பதிலேயே ஆபத்தான வாதம். இதில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

புத்தூரில் உள்ள லப்டொப் கொழும்பு நேரத்தில் ஓடுகிறது. மென்பொருள், தரவுத்தளம், எழுதியவரின் கண் எல்லாமே ஒரே நேரத்தில் இருப்பதால் திகதிப் பிழை ஒன்றும் தெரியாது. கிளவுட் இயந்திரம் உலக நியம நேரத்தில் ஓடும். எங்களுக்கும் அதற்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். நள்ளிரவுக்கும் அதிகாலை ஐந்தரைக்கும் இடையில் பதிந்த எந்தப் பில்லும் அங்கே முதல் நாள் திகதியைக் காட்டும். ரொறன்ரோவில் இருக்கும் வாடிக்கையாளர் பில்லைப் பார்த்துக் கோபப்பட்ட பிறகு இதைக் கண்டுபிடிப்பதா, மாற்றத்தை அனுப்பிய நாலாவது நிமிடத்தில் சிவப்பு வந்து கண்டுபிடிப்பதா?

இன்னும் உள்ளே போகலாம். இலங்கை 1996 மே மாதத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. அந்த ஒக்டோபரில் அரை மணி நேரம் பின்னே இழுத்தது. 2006 ஏப்ரலில்தான் பழைய ஐந்தரைக்குத் திரும்பியது. 1998இல் புத்தூரில் பிறந்த பிள்ளையின் சாதகத்தை, நேர வித்தியாசம் ஐந்தரை மணி என்று எண்ணிக் கணிக்கும் மென்பொருள் அரை மணி நேரம் பிழைக்கும். ஒரு லக்கினம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம்தான் நிற்கும் என்பது சாதகம் பார்க்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். அந்தப் பத்து வருடத்தில் பிறந்தவர்களுக்குத்தான் இன்று கலியாணம் பேசுகிறார்கள். இந்த மூன்று திகதிகளுக்கும் மூன்று சோதனை எழுதிப் பைப்லைனில் போட்டுவிட்டால், நாளை யார் வந்து எந்த நூலகத்தை மாற்றினாலும் அந்தப் பிழை மீண்டும் நுழையாது.

தமிழ் எழுத்து இன்னொரு இடம். ‘புத்தூர்’ என்பது எங்களுக்கு நாலு எழுத்து. யூனிகோட்டில் எட்டுக் குறி. யூடிஎஃப்-8இல் 24 பைட். பெயருக்கு 20 பைட் போதும் என்று யாரோ வைத்த பெட்டியில் அது ‘புத்தூ’ என்று நின்று, பின்னால் உடைந்த குறியொன்று தொங்கும். அடுத்து, ஊரின் பெரிய பாடசாலையான ஸ்ரீ சோமாஸ்கந்தக் கல்லூரியின் பெயரைத் தேடிப் பாருங்கள். ‘சோ’வில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் குறியையும் காலையும் அடுத்தடுத்துப் போட்டும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்று. கணினிக்கு இரண்டும் வேறு. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய பட்டியல்களை யூனிகோட்டுக்கு மாற்றும் நிரல் கவனமாக எழுதப்படாவிட்டால் இந்த இரண்டாவது வடிவம் தரவுத்தளத்துக்குள் வந்துவிடும். கைபேசியில் தட்டித் தேடுபவருக்கு, அப்படி ஒரு கல்லூரியே இல்லை என்ற பதில்தான் கிடைக்கும். இதை யூனிகோட்டின் சீராக்க முறை சரிசெய்யும். ‘ஸ்ரீ’யை அது சரிசெய்யாது. அந்த எழுத்து ‘ஸ’வில் தொடங்கலாம், 2005இல் யூனிகோட்டில் சேர்ந்த ‘ஶ’விலும் தொடங்கலாம். பார்வைக்கு வேறுபாடு தெரியாது, சீராக்கம் இரண்டையும் ஒன்றாக்குவதுமில்லை. அதற்கு நாங்களே விதி எழுத வேண்டும், நாங்களே சோதனை எழுத வேண்டும். கலிபோர்னியாவில் இருப்பவர் இதை எழுதித் தரமாட்டார். எங்கள் ஊர்ப் பெயரும் எங்கள் ஆட்களின் பெயரும் தரவுத்தளத்தில் முறியாமல் நிற்பது இப்படிப்பட்ட ஐந்து வரிச் சோதனைகளில் தங்கியிருக்கிறது. அந்தச் சோதனைகளை ஒவ்வொரு மாற்றத்திலும் சலிக்காமல் ஓட்ட ஒரு இயந்திரம் வேண்டும். கிணற்றுத் தண்ணீர் தெளிவாகத் தெரிகிறது என்பதற்காக அதைச் சோதிக்காமல் நம்பிவிட முடியாது. எழுதிய மென்பொருளை மட்டும் ஏன் கண்ணை நம்பிக் கொடுக்கிறோம்?

“சோதனை எழுதவே நேரமில்லை, பிறகு பைப்லைன் எதை ஓட்டும்?” என்று கேட்பவர்களுக்கு என் பதில்: மென்பொருள் பிழையின்றிக் கட்டப்படுகிறதா என்பதை மட்டும் முதலில் ஓட்டுங்கள். வெறும் இயந்திரத்தில் அது கட்டப்படாமல் போவதைப் பார்க்கும்போதே, எத்தனை விடயம் உங்கள் லப்டொப்பில் மட்டும் ஒளிந்திருந்தது என்று தெரிந்துவிடும். பிறகு வாடிக்கையாளர் சொல்லும் ஒவ்வொரு பிழைக்கும் ஒரு சோதனை. இப்போது பலர் கோட்டில் ஒரு பகுதியைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைக் கொண்டு எழுதுகிறார்கள். தான் எழுதாத கோட்டுக்குப் பொறுப்பு நிற்பவருக்குச் சோதனை முன்னைவிட இன்னும் தேவை.

கையாலே ஏற்றலாம், கவனமாகச் செய்தால் போதும் என்பதற்கு உலகம் கண்ட பதில் நைட் கபிடல். 2012 ஒகஸ்ட் 1ஆம் திகதி நியூயோர்க் பங்குச் சந்தையில் வணிகம் செய்த அந்த நிறுவனத்தின் எட்டுச் சேர்வர்களில் ஏழுக்குப் புதிய கோட் போயிருந்தது, ஒன்று விடுபட்டுவிட்டது. விடுபட்டதில் கைவிடப்பட்ட பழைய கோட் உயிர்பெற்று ஓடியது. 45 நிமிடத்தில் 44 கோடி டொலருக்கு மேல் போனது. அங்கே இருந்தவர்கள் கவனமில்லாதவர்களோ படிக்காதவர்களோ இல்லை. எட்டு இடத்தில் ஒரே வேலையைக் கையால் செய்யும்போது ஒன்றைத் தவறவிடுவது மனித இயல்பு.

எதிர்ப்பக்கத்தில் உண்மையான சில கேள்விகளும் உண்டு. இலவசம் நிலைக்காது என்பது அவற்றில் ஒன்று. திறந்த மென்பொருள் உலகம் முழுவதும் நம்பியிருந்த டிராவிஸ் சி.ஐ. என்ற பைப்லைன் சேவை 2019இல் கைமாறியது, 2020 நவம்பரில் இலவசத்தைச் சுருக்கியது, அடுத்த ஆண்டு அதன் பழைய தளமே மூடப்பட்டது. கிட்லாப் என்ற சேவையும் 2020இல் 2,000 இலவச நிமிடங்களை 400 ஆகக் குறைத்தது. ஆகவே கட்டும் கட்டளைகளையும் சோதிக்கும் கட்டளைகளையும் உங்கள் களஞ்சியத்தில் சாதாரண ஷெல் ஸ்கிரிப்டாக வையுங்கள். சேவை வழங்குபவரின் யாமல் (YAML) அமைப்புக் கோப்பு அந்த ஸ்கிரிப்டைக் கூப்பிடும் சில வரிகளாக மட்டும் இருக்கட்டும். வீடு மாறவேண்டி வந்தால் ஒரு பின்னேரத்தில் மாறலாம்.

இரகசியங்கள் இன்னொன்று, இதில் சமரசம் கூடாது. 2023 ஜனவரியில் சேர்க்கிள் சி.ஐ. என்ற சேவை தன் வாடிக்கையாளர் எல்லாரையும் அங்கே சேமித்த கடவுச்சொற்களையும் திறவுகோல்களையும் மாற்றச் சொன்னது. 2025 மார்ச்சில் பல்லாயிரம் களஞ்சியங்கள் பயன்படுத்திய ஒரு கிட்ஹப் அக்சனில், அதாவது வெளியார் எழுதிய ஆயத்தப் பைப்லைன் துண்டில், நச்சு வரிகள் நுழைந்து, பைப்லைன்களின் இரகசியங்களைப் பதிவேட்டில் கொட்டின. வெளியார் எழுதிய அக்சனைப் பதிப்புப் பெயரால் அழைக்காமல், முழுக் கொமிட் எண்ணால் பூட்டி வைத்தவர்கள் தப்பினார்கள். நீண்டகாலத் திறவுகோலுக்குப் பதிலாகச் சில நிமிடம் மட்டும் செல்லுபடியாகும் அனுமதியைப் பயன்படுத்துவதும் அப்படியான ஒரு காப்பே.

கிளவுட் என்ற சொல்லே காப்பு என்று நம்புவோரும் விழித்துக்கொள்ள வேண்டும். 2023இல் இலங்கை அரசின் சொந்தக் கிளவுட்டின் மீது கப்பம் கேட்கும் மென்பொருள் பாய்ந்தபோது, மே 17 முதல் ஒகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் ஏறத்தாழ ஐயாயிரம் கணக்குகளில் மீளாமல் போயின. அந்தக் காலத்துக்கு வேறாக எடுத்து வைத்த பிரதி இல்லை. காப்புப் பிரதி எடுப்பதையும், அதை மீட்டுப் பார்ப்பதையும் கால அட்டவணை போட்டு ஓட்டுவதும் ஒரு பைப்லைனின் வேலைதான்.

கடைசி வாதம் “கொழும்புக்குப் போய்ப் பழகலாம்” என்பது. இதை நான் மனவருத்தத்தோடு கேட்கிறேன். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலும் கிளிநொச்சி அறிவியல் நகரிலும் கணினி படித்த பிள்ளை, தொழிலின் அன்றாடப் பழக்கத்தைக் கற்க ஊரைவிட்டுப் போகத்தான் வேண்டுமென்றால், இங்கே தொழில் வளர்க்கிறோம் என்று எதைச் சொல்கிறோம்? ஒரு மின்னஞ்சல் முகவரியும் ஒரு களஞ்சியமும் இருந்தால் தொடங்கக்கூடிய வேலை இது. தூரத்தில் இருந்து வேலை கொடுப்பவருக்கு எங்கள் முகம் தெரியாது, எங்கள் கல்லூரியின் பெயர் தெரியாது. திறந்த களஞ்சியத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் அருகில் நிற்கும் பச்சைக் குறியை ஒஸ்லோவில் இருப்பவரும் திறந்து பார்க்கலாம். எந்தச் சோதனை ஓடியது, எப்போது முறிந்தது, எத்தனை நாளில் திருத்தினார்கள் என்று வாசிக்கலாம். சிபாரிசுக்கு ஆளில்லாத பிள்ளைக்கு இதைவிட நேர்மையான சான்றிதழ் இல்லை.

ஆகவே எங்கள் ஆசிரியர்களிடமும் போட்டி நடத்துபவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். இறுதியாண்டுச் செயற்றிட்டத்தை இனிமேல் மாணவரின் லப்டொப்பில் ஓட்டிப் பார்த்துப் புள்ளி போடாதீர்கள். வெறும் இயந்திரத்தில் தானாகக் கட்டப்பட்டு, சோதனைகளில் தேறினால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். யாழ் கீக் சலஞ்ச் போன்ற போட்டி மேடைகளில் நடுவராக இருப்பவர்கள், திரையில் தெரியும் அழகைப் பார்த்து முடித்தபின், கடைசி ஓட்டத்தின் பதிவைக் காட்டச் சொல்லுங்கள். புத்தூரில் முன்னறையில் இருந்து எழுதும் தம்பி தங்கைகளே, பிறகு பார்க்கலாம் என்று சொல்பவர்களுக்காகக் காத்திருக்காதீர்கள். இருக்கும் புரொஜெக்டில், இந்தக் கிழமையே, மென்பொருளைக் கட்டிப் பார்க்கும் பத்து வரிக் கோப்பு ஒன்றைப் போட்டு ஓடவிடுங்கள்.